ரெண்டு பாகாயம்

ஆடியில் இருபத்திரண்டு ராத்திரி,
பத்தொன்பது மேடை.
சோளிங்கர், திமிரி, கலவை, ஒடுகத்தூர்,
அப்புறம் பேர் மறந்துபோன ஒரு ஊர்.
அங்கே சாமி ஊர்வலம் எங்களைத் தாண்டும்வரை
ஒரே பாட்டை மூன்று தடவை பாடினேன்.

முனிரத்தினம் எனக்குப் பின்னால் ரிதம் பேட்.
அவன் எப்போது சிரிக்கிறான் என்று
எட்டு வருஷமாக என் முதுகுக்குத் தெரியும்.
கலவையில்தான் கவனித்தேன்.
தாளம் முடியளவும் தவறவில்லை,
சிரிப்பைக் காணோம்.

ரெண்டு மணிக்கு ஸ்பீக்கர் ஏற்றி முடித்து
பரோட்டாப் பொட்டலம் பிரிக்கிறபோது
அவன் ஒயர் சுருட்டுவான்.
சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டுவான்.
"தூங்கேன்பா" என்றால்
"காதுல கூட்டம் இன்னும் கலையலக்கா."
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
அதையும் எழுதிவிடுகிறேன்.

பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.
ஒதுங்கத்தான் என்று நினைத்தோம்.
கைப்பிடிச் சுவரோரம் நின்றான்,
நின்றுகொண்டே இருந்தான்.
டிரைவர் காதர்பாய் ஹாரன் அடிக்கவில்லை.
இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று
"தண்ணியும் கிடையாது, மணலும் கிடையாது,
இன்னாத்தடா பாத்துகினு கீற?"
பத்து நிமிஷம் ரெண்டு பேரும்
இல்லாத ஆற்றைப் பார்த்தார்கள்.
திரும்பி வந்து
காதர்பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.
முன்சீட்டில் இருந்தவள்
பின்சீட்டுக்கு மாறினேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு
பாகாயம் முதலில் வசவாகத்தான் அறிமுகம்.
கணக்கு தப்பினால், சட்டையை மாற்றிப் போட்டால்,
"பாகாயத்துக்கு டிக்கெட் எடுத்துடு."
மேடையில் மிமிக்ரி தயாபரனுக்கு
விசில் உறுதியான ஜோக் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காட்பாடியில் ஒண்ணாம் நம்பர் பஸ்.
"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.
முனிரத்தினம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
மூவாயிரம் பேர் முன்னால்
மேல் ஸ்தாயியில் நிற்கிற தொண்டை
ஒரு ஊர்ப்பேருக்கு அடைத்துக்கொண்டது.
"ரெண்டு தொரப்பாடி" என்றுவிட்டேன்.

தொரப்பாடி வந்தது.
நாங்கள் இறங்கவில்லை.
எழுந்து கம்பியைப் பிடித்து
கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்
"ரெண்டு பாகாயம்" என்றேன்.
யாரும் திரும்பவில்லை.
ஒரு அம்மா மட்டும்
மடியில் கீரைக்கட்டைச் சரிசெய்தாள்.

டாக்டர் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க என்று கேட்டார்.
அவனிடம் பதில் இல்லை.
என்னைக் கேட்டிருந்தால் என்னிடமும் இல்லை.

குழு நடத்துகிற ஜெயசீலனோடு
அன்று சாயங்காலமே சண்டை.
நாலு நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம் என்றேன்.
"சீசன்ல உக்காந்தா சோறு யாரு போடுவா?"
நியாயமான கேள்வி, அவருக்கும் வண்டிக் கடன்.
இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

கிடைத்தது இவ்வளவு:
ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை.
அப்போது அவன் மாத்திரை,
அதே சொம்பில் எல்லாருக்கும் தண்ணீர்.
விழாக் கமிட்டி முணுமுணுத்தால்
தயாபரன் ஏறிச் சமாளிப்பார்.
அந்த ஜோக்கை விட்டுவிட்டார்.
கைதட்டல் கொஞ்சம் குறைவுதான்,
பரவாயில்லை என்கிறார்,
முகம் அப்படிச் சொல்லவில்லை.

நேற்று ஆம்பூரிலிருந்து திரும்புகிறோம்.
மாதனூர் தாண்டியதும்
என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.
ஜரிகைப் புடவையில் அவன் எச்சில்.
கிடார் பையன் பக்கத்தில் இருந்தவனை
முழங்கையால் இடித்தான்.
இடிக்கட்டும்.

பள்ளிகொண்டா டோல்கேட் விளக்கு
பட்டப்பகலாய் உள்ளே விழ,
முந்தானையை அவன் கண்மேல் போட்டேன்.
காதர்பாய் கேட்காமலே ரேடியோவை அணைத்தார்.
தோள் மரத்துவிட்டது.

வேலூர் இன்னும் இருபது நிமிஷம்.
காதர்பாய்,
மெதுவாவே போ.